தீஸ்தா: இரு நாட்டு ஆயக்கட்டும் ஓர் ஆற்றின் கோடை நீரும்

இந்தியாவும் வங்கதேசமும் பகிர்ந்துகொள்ளும் ஆறுகள் 54. அவற்றுள் கங்கைக்கு மட்டுமே நீண்டகாலப் பங்கீட்டு ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தமும் பாசனத்துக்காக எழுந்ததன்று. கொல்கத்தாத் துறைமுகத்தைக் காப்பதற்காகத் திருப்பிய நீரைப் பற்றியது. வயலுக்காகவே திருப்பப்பட்டு, எல்லையின் இருபுறமும் கதவணை எழுப்பப்பட்டு, பல பத்தாண்டுகளாகப் பங்கு முடிவாகாமல் கிடக்கும் ஆறு தீஸ்தா. சிக்கிமில் பிறந்து ரங்பூர்ச் சமவெளியில் முடியும் இந்த ஆற்றின் வழக்கு, டெல்லியிலும் டாக்காவிலும் பேசப்படும் அளவுக்குக் கொல்கத்தாவிலும் தீர்மானிக்கப்படுகிறது. ஏனெனில் கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் மேற்கு வங்க அரசின் பாசன, நீர்வழித் துறை. அதன் தலைமையகமான ஜலசம்பத் பவன் கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் இருக்கிறது.

தீஸ்தா வட சிக்கிமின் பனிப்பாறைகளில் தோன்றுகிறது. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்தில் முதல் பாதி செங்குத்தான மலைப் பள்ளத்தாக்கு. டார்ஜிலிங் மலைகளில் ரங்கீத் வந்து கலக்கிறது. சேவோக் என்னும் இடத்தில் ஆறு மலையைவிட்டு வெளியேறுகிறது. அங்கே திடீரென்று சரிவு குறைவதால், சுமந்து வந்த பாறையையும் மணலையும் கீழே போட்டுவிட்டுப் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுகிறது. ஜல்பாய்குரியைத் தாண்டி, கூச்பிகார் மாவட்டத்தின் மேக்லிகஞ்சு அருகே வங்கதேசத்துக்குள் நுழைந்து, இறுதியில் பிரம்மபுத்திராவில் சேர்கிறது. இன்றைய இந்தப் பாதை பழையதன்று. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தீஸ்தா தெற்கு நோக்கி ஓடி, கரத்தோயா, ஆத்ராயி, புனர்பவா என்னும் மூன்று ஆறுகளுக்கு நீர் தந்தது. 1787-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த வழியைக் கைவிட்டுக் கிழக்கே பிரம்மபுத்திராவை நோக்கித் திரும்பிவிட்டது. தன் போக்கைத் தானே மாற்றிக்கொண்ட ஆற்றின் மீதுதான் இரு நாடுகளும் நிலையான கற்கட்டுமானத்தை எழுப்பியிருக்கின்றன என்பதை மறக்கலாகாது.

ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் தீஸ்தாவில் நீருக்குப் பஞ்சமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை கரைபுரள ஓடும். அந்த மாதங்களில் பங்கு கேட்பார் யாருமில்லை. கேட்பதெல்லாம் வெள்ளத்திலிருந்து காப்புதான். 1968 அக்டோபர் 4-ஆம் தேதி இந்த ஆறு ஜல்பாய்குரி நகரத்தையே மூழ்கடித்தது. வழக்கு முழுவதும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும் வறண்ட காலத்தைப் பற்றியது. அப்போது ஆற்றின் ஓட்டம் வினாடிக்கு 100 கனமீட்டரை, அதாவது 3,500 கன அடியை ஒட்டி இறங்கிவிடும் நாட்கள் உண்டு. காவிரிக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதன்று: நல்ல மழை ஆண்டில் வழக்கு தூங்கும், வறண்ட ஆண்டில் விழித்துக்கொள்ளும். தீஸ்தாவிலோ ஒவ்வோர் ஆண்டும் அந்த வறண்ட பருவம் வந்தே தீர்கிறது.

மேற்கு வங்கத்தின் தீஸ்தா கதவணைத் திட்டம் 1970-களின் நடுவில் வகுக்கப்பட்டது. வட வங்கத்தின் ஆறு மாவட்டங்களில் 9.22 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனம் தருவது அதன் இலக்கு. ஜல்பாய்குரி மாவட்டத்தில் கஜல்டோபா என்னுமிடத்தில் ஆற்றின் குறுக்கே கதவணை எழுந்தது. இதை நீர்த்தேக்கமாக எண்ணிக்கொள்வது தவறு. மேட்டூரைப் போல மழைக்காலத்து நீரைப் பிடித்துவைத்துக் கோடையில் தரும் வசதி இதற்கு இல்லை. ஆற்றில் அன்றைக்கு என்ன வருகிறதோ அதன் மட்டத்தைச் சற்று உயர்த்திப் பக்கவாட்டில் திருப்பும் வேலையைத்தான் கதவணை செய்கிறது. அவ்வகையில் முக்கொம்பு மேலணைக்கு உறவு.

திருப்பும் முறை எளியது. ஆற்றின் குறுக்கே உள்ள கதவுகளை இறக்கினால் மேற்புறம் நீர்மட்டம் ஏறுகிறது. கரையோரத் தலைமதகின் கதவுகளைத் தூக்கினால் அந்த நீர் கால்வாய்க்குள் புகுகிறது. ஆற்றுக் கதவின் அடியில் எத்தனை அங்குலம் இடைவெளி விடப்படுகிறதோ, அவ்வளவே கீழே வங்கதேசத்துக்குப் போகும் நீர். கஜல்டோபாவில் இறங்கிய நீர் சுமார் 26 கிலோமீட்டர் நீளமுள்ள தீஸ்தா–மகானந்தா இணைப்புக் கால்வாய் வழியாகச் சிலிகுரிக்கு அருகே புல்பாரியில் உள்ள மகானந்தா கதவணைக்குப் போகிறது. அங்கிருந்து மகானந்தா முதன்மைக் கால்வாய், பிறகு சோப்ரா அருகே டௌக் ஆற்றின் கதவணை, அதன்பின் தினாஜ்பூர்ப் பகுதியை நோக்கிய கால்வாய் என்று சங்கிலி நீள்கிறது. வழியில் கால்வாய் இறங்கும் மூன்று இடங்களில் தலா 22.5 மெகாவாட் மின்நிலையங்கள் உள்ளன. சிலிகுரி நகரத்தின் குடிநீரும் இந்தக் கால்வாயிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே பாசனம் வேண்டாத நாளிலும் கால்வாயை வற்றவிட முடியாது. இந்த நீருக்கு இப்போது மூன்று உரிமையாளர்கள்.

திட்டமிட்ட 9.22 லட்சம் ஹெக்டேரில் நடைமுறையில் பாசனம் எட்டியது ஒரு லட்சம் ஹெக்டேரை ஒட்டித்தான். நிலம் கையகப்படுத்துவதில் தடை, பணத் தட்டுப்பாடு, தேயிலைத் தோட்டங்களுக்கும் சிற்றாறுகளுக்கும் குறுக்கே வெட்ட வேண்டிய கால்வாய்கள் என்று காரணங்கள் பல. 2009-இல் இது தேசியத் திட்டமாக அறிவிக்கப்பட்ட பின்னும் வேகம் கூடவில்லை. 2023 மார்ச்சில் மேலும் இரண்டு கால்வாய்களுக்காக ஜல்பாய்குரியில் சுமார் 1,000 ஏக்கர் நிலம் பாசனத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டதும் டாக்கா உடனே விளக்கம் கேட்டது.

எல்லைக்கு அப்பால், லால்மோனிர்ஹாட் மாவட்டத்தில் டாலியா–தோவானியில் வங்கதேசம் தன் கதவணையைக் கட்டியது. 1979-இல் பணி தொடங்கி 1990-இல் முடிந்தது. 615 மீட்டர் நீளம், 44 கதவுகள். ரங்பூர், நீல்பாமாரி, தினாஜ்பூர் பகுதிகளில் ஏழரை லட்சம் ஹெக்டேர் அளவிலான நிலத்தை எட்டுவது மொத்த இலக்கு, முதற்கட்டம் 1.11 லட்சம் ஹெக்டேர். இந்தத் திட்டம் முதலில் கணக்கிட்டது கோடை நெல்லையன்று. மழைக்காலத்தில் நட்டுக் கார்த்திகை, மார்கழியில் அறுக்கும் ஆமன் நெல்லுக்கு, மழை இடைவெளியில் துணைப்பாசனம் தருவதே நோக்கம். பிறகு உயர்விளைச்சல் விதைகள் வந்தன. தை முதல் வைகாசி வரை வயலில் நிற்கும் போரோ நெல் இரு வங்கங்களிலும் பரவியது. துணைப்பாசனத்துக்காக வெட்டிய கால்வாயிடம் முழுப்பாசனம் எதிர்பார்க்கப்பட்டது. வழக்கின் வேர் இந்த மாற்றத்தில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். இரு திட்டங்களின் இலக்கையும் கூட்டினால் 16.7 லட்சம் ஹெக்டேர், அதாவது 41 லட்சம் ஏக்கருக்கு மேல். நெல்லுக்குத் தொடர்ந்து ஓடும் ஒரு கன அடி நீர் 70 ஏக்கரை நனைக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அவ்வளவு பரப்பிலும் போரோ நட்டால் 59,000 கன அடி வேண்டும். ஆற்றில் இருப்பதோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு நாடு மற்றதன் பங்கு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் அதன் சொந்த ஆயக்கட்டு நனையாது. ஒவ்வொரு நாடும் மறுகரையில் இன்னொரு நாடே இல்லை என்பதுபோலத் திட்டம் வரைந்ததன் விளைவு இது. இரு தரப்பும் வைக்கும் வாதங்களைக் கேட்டால், மற்றவர் எடுத்துக்கொண்டதால்தான் தமக்குப் போதவில்லை என்ற எண்ணம் உண்டாகும். கணக்கோ, இருவரும் சேர்ந்து ஆற்றிடம் இல்லாததைக் கேட்கிறார்கள் என்று காட்டுகிறது.

பேச்சுவார்த்தையின் வரலாறு விழுக்காடுகளின் வரலாறு. 1983 ஜூலையில் இரு நாட்டுக் கூட்டு நதிகள் ஆணையம் ஒரு தற்காலிக ஏற்பாட்டுக்கு வந்தது: இந்தியாவுக்கு 39 விழுக்காடு, வங்கதேசத்துக்கு 36 விழுக்காடு, மீதி 25 விழுக்காடு யாருக்கும் ஒதுக்கப்படாமல் பின்னாளைய ஆய்வுக்கு. இரு ஆண்டுக்கென்று செய்த அந்த ஏற்பாடு நீட்டிக்கப்பட்டு 1987-இல் முடிந்தது. அதன்பின் பங்கீட்டுக்கு எழுத்து வடிவம் இல்லை. 2011 செப்டம்பரில் பிரதமர் மன்மோகன் சிங் டாக்கா சென்றபோது 15 ஆண்டுக்கான இடைக்கால உடன்பாடு தயாராக இருந்தது. பத்திரிகைகளில் வந்த விவரப்படி இந்தியாவுக்கு 42.5, வங்கதேசத்துக்கு 37.5 விழுக்காடு. கடைசி நேரத்தில் முதல்வர் மம்தா பானர்ஜி பயணத்திலிருந்து விலகினார், உடன்பாடு கையெழுத்தாகவில்லை. வட வங்கத்து உழவருக்குப் பாதகம் என்பது அவர் கூறிய காரணம். நதியியல் அறிஞர் கல்யாண் ருத்ரா தலைமையில் மாநில அரசு அமைத்த ஒரு நபர் குழுவின் அறிக்கை 2012-இல் அரசிடம் சேர்ந்தது. ஆனால் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. இதைக் குறையென்றே சொல்ல வேண்டும்: இரு கோடிக்கு மேற்பட்ட மக்களைத் தொடும் வழக்கில், மாநிலமே கேட்டுப் பெற்ற நிபுணர் கருத்தை மூடிவைப்பதால் எந்தத் தரப்பு உழவருக்கும் பயனில்லை. 2017-இல் வங்கதேசத்தின் அன்றைய பிரதமர் ஷேக் ஹசீனா டெல்லி வந்தபோது, தீஸ்தாவுக்கு மாற்றாகத் தோர்சா, ஜல்தாக்கா போன்ற ஆறுகளின் நீரைப் பகிரலாம் என்று கொல்கத்தா முன்மொழிந்தது. கோடையில் அந்த ஆறுகளும் மெலிந்தவையே.

ஒரு மாநிலம் அயல்நாட்டு உடன்பாட்டைத் தடுக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது. அரசமைப்பின் 253-ஆம் பிரிவு, உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஆனால் நீரும் பாசனமும் மாநிலப் பட்டியலின் 17-ஆம் இனம். கால்வாயும் மதகும் மாநில ஊழியர் கையில். சட்டப்படி டெல்லி கையெழுத்திடலாம். கஜல்டோபாவின் கதவைக் கொல்கத்தாவின் இசைவில்லாமல் இயக்க முடியாது. 1996-இல் கங்கை ஒப்பந்தம் கைகூடியதற்கு முதல்வர் ஜோதி பாசு முன்கூட்டியே டாக்கா சென்று பேசியது பெரிய காரணம். மாநிலத்தை முதலில் சேர்த்துக்கொண்டால் உடன்பாடு நிற்கும், கடைசியில் சேர்த்தால் நிற்காது என்பதற்கு இந்த இரண்டு நிகழ்வுகளும் சான்று.

கங்கையின் வழக்கு பாசனத்தைப் பற்றியதன்று என்றாலும், தீஸ்தாவுக்கு அதில் பாடம் இருக்கிறது. கங்கையில் அணைகட்டி ஹூக்ளிக்கு நீர் திருப்பும் எண்ணத்தை 1853-லேயே வெளியிட்டவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டி முடித்த அதே பொறியாளர். 1961-இல் தொடங்கிய ஃபராக்கா கதவணை 1975 ஏப்ரல் 21 அன்று இயங்கத் தொடங்கியது. 38 கிலோமீட்டர் கால்வாய் வழியே 40,000 கன அடி வரை பாகீரதிக்குத் திருப்பி, ஹூக்ளியின் வண்டலை அடித்துச் செல்வது திட்டம். மாநிலப் பாசனத் துறையின் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா, இந்த நீர் வண்டலை அகற்றப் போதாது, மேற்புறத்தில் வண்டல் தேங்கி வெள்ளமும் கரையரிப்பும் கூடும் என்று அன்றே எச்சரித்தார், அதற்காகத் தூற்றப்பட்டார். துறைமுகத்தில் தூர்வாருதல் இன்றும் ஓயவில்லை. மால்டா மாவட்டத்தில் பஞ்சானந்தப்பூர் போன்ற ஊர்களைக் கங்கை தின்றுவிட்டது. கொல்கத்தா அடைந்த உண்மையான நன்மை வேறு: ஹூக்ளி நீரின் உப்பு குறைந்தது, நகரம் குடிக்கும் நீர் மேம்பட்டது. கீழே, வங்கதேசத்தில் கோராயி ஆறு கோடையில் வற்றியது. குஷ்டியாப் பகுதியின் கங்கை–கபோதக் பாசனத் திட்டத்து எக்கிகளுக்கு நீர் எட்டாத ஆண்டுகள் வந்தன. 1976 மே 16 அன்று வங்கதேச அரசியல் தலைவர் மௌலானா பாஷானி ராஜ்ஷாஹியிலிருந்து ஃபராக்காவை நோக்கி நெடும்பயணம் தொடங்கினார். அதே ஆண்டில் வழக்கு ஐ.நா. பொதுச்சபை வரை போயிற்று.

1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை ஒப்பந்தம் ஜனவரி முதல் மே வரை, பத்து நாளுக்கொரு முறை பங்கைக் கணக்கிடுகிறது. ஃபராக்காவில் 70,000 கன அடிக்குள் வந்தால் சரிபாதி. 75,000 வரை வந்தால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. அதற்கு மேல் வந்தால் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. இந்த எண்களைவிட மதிப்புள்ளது ஒன்று உண்டு. ஃபராக்காவிலும், கீழே ஹார்டிஞ்சு பாலத்திலும் இரு நாட்டு அலுவலரும் சேர்ந்து நின்று ஆற்றை அளக்கிறார்கள். குறைகள் பல இருந்தும் இந்த ஒப்பந்தம் இத்தனை ஆண்டு நீடித்ததற்கு அந்தக் கூட்டு அளவையே காரணம்.

தீஸ்தாவில் அது இல்லை. கஜல்டோபாவுக்கு வரும் நீர் எவ்வளவு, கால்வாயில் இறங்கியது எவ்வளவு என்பது மேற்கு வங்கத்தின் பதிவேட்டில். டாலியாவுக்கு வந்தது எவ்வளவு என்பது வங்கதேசத்தின் பதிவேட்டில். ஒருவர் கணக்கை மற்றவர் நம்புவதில்லை. காவிரியில் எத்தனை கசப்பு இருந்தாலும், எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் கன அடியைக் கர்நாடகமும் தமிழ்நாடும் ஏற்கின்றன. தஞ்சைக் கடைமடை உழவர் அந்த எண்ணைக் காலை நாளிதழில் படித்துவிட்டு நாற்றங்கால் விடலாமா என்று முடிவெடுக்கிறார். வங்கதேசத்தின் நீல்பாமாரி உழவருக்கு அப்படி ஓர் எண் கிடையாது. அளவே பொதுவாக இல்லாத இடத்தில் 37.5 விழுக்காடு என்பது எதன் 37.5 விழுக்காடு?

பன்னாட்டுச் சட்டம் இதில் ஓரளவுக்கே துணை. 1966-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி விதிகளும், 1997-ஆம் ஆண்டு ஐ.நா. நீர்வழிகள் உடன்படிக்கையும், நியாயமான பயன்பாடு, பிறருக்குக் கணிசமான கேடு செய்யாமை என்ற இரு நெறிகளை வகுத்தன. 1997 வாக்கெடுப்பில் வங்கதேசம் ஆதரித்தது. இந்தியா வாக்களிக்காமல் இருந்தது. 2025 ஜூனில் வங்கதேசம் ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் நீர் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. இந்தியா கட்டுப்படும் வலுவான வாசகம் வேறிடத்தில் இருக்கிறது. கங்கை ஒப்பந்தத்தின் 9-ஆம் பிரிவிலேயே, மற்றப் பொது ஆறுகளுக்கும் சமன்மை, நேர்மை, தீங்கின்மை என்ற அடிப்படையில் உடன்பாடு காண்பதாக இரு அரசுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அது இந்தியா தானே எழுதிக் கொடுத்த வாக்கு.

கால்வாய் வறண்டபோது உழவர் சும்மா இருக்கவில்லை. எல்லையின் இருபுறமும் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் பெருகின. டீசல் எஞ்சினோ மின்மோட்டாரோ வைத்து நிலத்தடி நீரை இறைத்துப் போரோ நடுகிறார்கள். கால்வாய் நீரைவிட இறைத்த நீருக்குச் செலவு பல மடங்கு. சிறு உழவர் மோட்டார் வைத்திருப்பவரிடம் மணிக்கணக்கில் நீர் வாங்குகிறார். ஆற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கோடையில் ஆற்றுக்கே ஊறி வருவதுதான். அதை இறைத்துவிட்டால் ஆற்றுக்கு வரவேண்டிய ஊற்றும் குறைகிறது. மேலே கால்வாய், கீழே குழாய்க் கிணறு என்று இருமுனையிலும் ஆறு இழக்கிறது. இந்தப் பகுதியில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் நன்றாக விளைகின்றன. நெல்லுக்கு ஆகும் நீரில் ஒரு பகுதியே அவற்றுக்குப் போதும். தை மாதத்தில் எந்தப் பயிர் நடுவது என்ற முடிவு, எந்த விழுக்காட்டையும்விட அதிக நீரை மிச்சப்படுத்தும். ஆனால் அந்த மாற்றம் உழவரின் தலையில் மட்டும் விழக்கூடாது. மாற்றுப்பயிருக்கு நெல்லைப் போன்ற உறுதியான கொள்முதல் வேண்டும்.

ஆறு தனக்கென்று கேட்கும் பங்கும் உண்டு. கோடையில் கஜல்டோபாவுக்குக் கீழே பல கிலோமீட்டருக்கு மணலும் இடையிடையே முழங்கால் அளவு நீருமாகத் தீஸ்தா கிடக்கிறது. வட வங்கத்தார் விரும்பி உண்ணும் போரோலி என்னும் சிறு வெள்ளி மீன், ஓடும் தெளிநீரில் மட்டுமே வாழ்வது. ஓட்டம் நின்றால் மீனும் இல்லை, அதை நம்பிய மீனவரும் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி.யைப் பிரித்தபோது சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. தனியே வைத்தது. தீஸ்தாவில் 1983-இல் ஒதுக்காமல் விட்ட 25 விழுக்காட்டை ஆற்றுக்கே எழுதி வைத்திருக்கலாம். அதையும் பங்கிட வேண்டிய மிச்சமாகவே இரு தரப்பும் கருதின.

மேற்புறத்தில் நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் அடுக்கடுக்காக நீர்மின் அணைகள் வந்தன. அவை நீரைத் தின்றுவிடுவதில்லை. ஆனால் மின்தேவை கூடும் மாலையில் விடுவதற்காகப் பகலில் பிடித்துவைப்பதால், கீழே நாளின் ஓட்டம் தாறுமாறாகிறது. 2023 அக்டோபர் 4 அன்று தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் தீஸ்தா-III அணையை அடித்துச் சென்றது. சமவெளியில் ஆற்றுப் படுகை வண்டலால் மேடிட்டது. படுகை உயர்ந்த ஆறு அடுத்த வெள்ளத்தில் கரையை எளிதில் தாண்டும்; 1787-ஐப் போல் வேறு வழி தேடவும் கூடும். தன் பக்கத்துத் தீஸ்தாவைத் தூர்வாரிக் கரைகட்டும் வங்கதேசத்தின் பெருந்திட்டத்தில் சீனா ஆர்வம் காட்டுகிறது; 2024 ஜூனில் இந்தியாவும் தொழில்நுட்பக் குழு அனுப்ப முன்வந்தது. மேலிருந்து நீர் வராவிட்டால், தூர்வாரிய படுகை அழகான மணல்வெளியாகவே இருக்கும்.

சிறிய ஆறுகளில் இரு நாடுகளும் ஒத்துப்போயிருக்கின்றன. 2022 செப்டம்பரில் குஷியாரா ஆற்றிலிருந்து சில்ஹட் வயல்களுக்காக வங்கதேசம் 153 கன அடி எடுக்க இந்தியா இசைந்தது. எல்லை ஆற்றுநீரைப் பாசனத்துக்குத் திருப்ப இரு அரசுகளும் எழுத்தில் உடன்பட்ட நிகழ்வு அது. அளவு சிறியது, ஆனால் எடுக்கும் இடம், எடுக்கும் காலம், எடுக்கும் கன அடி மூன்றும் அதில் தெளிவாக இருக்கின்றன.

கங்கை ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சின் ஒரு பகுதியாக 2025 மார்ச்சில் இரு நாட்டு நிபுணர்களும் கொல்கத்தாவில் கூடினர். தீஸ்தாவின் விழுக்காட்டை அந்த மேசையில் முடிக்க முடியாமல் போகலாம். கஜல்டோபாவிலும் டாலியாவிலும் ஃபராக்காவைப் போல் கூட்டு அளவை நிலையங்களை அமைத்து, நாள்தோறும் கன அடியை வெளியிடுவதற்கு எந்த விழுக்காடும் முடிவாக வேண்டியதில்லை. கல்யாண் ருத்ரா அறிக்கையைப் பொதுவில் வைக்கவும் டாக்காவின் இசைவு தேவையில்லை. இந்த இரண்டையும் கொல்கத்தா அடுத்த போரோ நடவுக்கு முன் செய்ய வேண்டும்.